கடிக்கிற முயலுக்குக் கண் தெரிகிறதா?

சாதுவாக இருந்த முயல் திடீரென்று கடிக்கிறது, கிட்டே போனால் உதைக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்கும் வீடுகள் உண்டு. கொடுத்துவிடுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? வாங்கிப் போக வருகிறவர் எல்லாரும் கூண்டோடு வருவதில்லை, சிலர் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வருகிறார்கள். ஆகவே அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். முயலுக்குக் கண் தெரிகிறதா என்று பாருங்கள்.

"நன்றாகத் தின்கிறதே, கண்ணுக்கு என்ன கேடு?" என்பீர்கள். அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதையும் அது பார்த்துவிடும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால், வாயருகில் இருப்பது நல்ல கண் உள்ள முயலுக்கும் தெரியாது. நீங்கள் நீட்டும் கீரையை அது வாசனையாலும் உதட்டாலும் மீசை மயிராலும்தான் கண்டுபிடிக்கிறது. கண் இரண்டும் போனாலும் தீனி குறையாது.

கூண்டுக்குள் அது தடுமாறுவதும் இல்லை. தண்ணீர்க் கிண்ணம் எங்கே, பலகை எங்கே என்று எல்லாம் மனப்பாடம். மின்சாரம் நின்றுபோன இரவில் நாம் நம் வீட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம் அல்லவா, அதே கதைதான். மேலும் முயல் மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. தன் பலவீனத்தை வெளியே காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம்.

பார்வை குறைந்த முயல் வேறு வகையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சுவரை ஒட்டியே நடக்கும். ஏறிக் குதித்த திண்ணையில் இப்போது தயங்கும். விளையாட்டை விட்டு மூலையில் உட்காரும். கடிக்கிற முயலானால் ஒன்றைக் கவனியுங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து கை நீட்டினால் கடிக்கிறது? வலப்பக்கம் கடித்து இடப்பக்கம் சும்மா இருந்தால், அது கோபமல்ல, பயம். தெரியாத பக்கத்திலிருந்து திடீரென்று மேலே படும் கை, அதற்குப் பருந்தின் நகம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பஞ்சு உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முயல் அமைதியாக இருக்கும்போது அதன் ஒரு பக்கமாக, கொஞ்சம் தள்ளி மேலிருந்து அதை விழவிடுங்கள். பஞ்சு சத்தம் போடாது, காற்றையும் கிளப்பாது. கண் தெரிந்தால் தலையோ காதோ அசையும். பிறகு மறு பக்கம். கையை முகத்துக்கு எதிரே வீசிப் பார்ப்பது வீண். முயல் காற்றை உணர்ந்து விலகும், அல்லது பயந்து உறைந்து போகும். ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் செய்யுங்கள்.

இன்னொன்று, அது பழகாத அறையில் நாலைந்து சப்பாத்துப் பெட்டிகளைப் பரப்பி வைத்து நடக்க விடுங்கள். ஒருமுறை நல்ல வெளிச்சத்தில், ஒருமுறை அந்தி மங்கலில். முயலின் கண் மங்கலுக்கென்றே அமைந்தது. மங்கலிலும் முட்டிக்கொண்டால் சந்தேகம் உறுதியாகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நம் பக்கத்தில் அதிகம் வளர்க்கப்படும் வெள்ளை முயலுக்குக் கண் சிவப்பு. கண்ணில் நிறப்பொருள் இல்லாததால் வெளிச்சம் கூசும், பார்வையும் சற்று மட்டு. தூரத்தைக் கணிக்க அது தலையைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டும். சாமி வந்துவிட்டதென்று பிள்ளைகள் சிரிப்பார்கள்! அது நோயல்ல. கூண்டை நிழலில் வைத்தால் போதும்.

இனி கண்ணைப் பாருங்கள். கண்மணியில் பால்போல் வெள்ளை தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். இளம் முயலின் ஒரு கண்ணுக்குள் மட்டும் வெள்ளைக் கட்டி போலத் தோன்றினால், என்செபாலிட்டோசூன் என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி காரணமாகலாம். தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிக் கண்ணின் வில்லையை உடைத்துவிடும். தலை ஒரு பக்கம் சாய்ந்து போவதும் இதனால் வரக்கூடும். முயலின் மூத்திரத்தில் பரவும் ஆதலால் தட்டையும் கிண்ணத்தையும் சுத்தமாக வையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் கூண்டைத் துப்புரவு செய்ய வேண்டாம்.

கண் பெரிதாகி நீலம் பாய்ந்தாற்போல் மங்கினால், உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். நியூசிலாந்து வெள்ளை இனத்தில் இது பரம்பரையாகவே வருவதுண்டு. அப்படிப்பட்ட முயலைக் குட்டி போட விடாதீர்கள். கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். முயலின் பல் சாகும்வரை வளரும். புல் தின்னாமல் ரொட்டியும் பிஸ்கட்டும் தின்று வளரும் முயலுக்குப் பல் தேயாமல் வேர் பின்னோக்கிப் போய்க் கண்ணீர்க் குழாயை நெருக்கிவிடும்.

தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது, தாத்தாவுக்கு வாங்கிய கண் மருந்தில் மிச்சத்தை ஊற்றுவது — தயவு செய்து வேண்டாம். கண்ணில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு கலந்த மருந்து விட்டால் கண்ணையே தொலைத்துவிடும். எல்லாக் கால்நடை மருத்துவரும் முயல் பார்ப்பதில்லை. போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவில் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. கண் வீங்கி முயல் அரை நாள் தின்னாமல் இருந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள். வயிறு ஓடாமல் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து.

பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாலும் முயல் பல ஆண்டுகள் வாழும். கூண்டின் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். வீடு மாறினால் பழைய விரிப்பைத் துவைக்காமல் புதிய கூண்டில் போடுங்கள். வாசனை அதற்கு வழி காட்டும். படிக்கட்டை அடைத்து வையுங்கள். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் தெரிகிற பக்கமாகப் போய் நெற்றியைத் தடவுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலும் பின்னாலிருந்து தூக்குகிறவர்கள் அவர்கள்தான்.