உறங்கும் கணினியை எழுப்புதல்

நள்ளிரவிற் புதுப்பித்தல் நடைபெறவேண்டும் என்றும், தொலைவிலிருந்து ஒருவர் கோப்பெடுக்கக் கூடும் என்றும் காரணங்காட்டிக் கணினிகளை விடியுமட்டும் ஓடவிடுதல் பலவிடத்தும் வழக்கமாயிற்று. இவ்வழக்கம் வேண்டாதது என்பது எம் கருத்து. உறங்கும் கணினியை அழைத்தெழுப்பும் வழி அதனுள்ளேயே உளது. நாமே அதற்கு இசைவு கொடாது அடைத்துவைத்திருக்கின்றோம்.

அவ்வழி யாதெனின், கணினி அணைந்திருக்கும்போதும் ஏ.டி.எக்ஸ். மின்வழங்கி 5 வோல்ட்டுக் காத்திருப்பு மின்சாரத்தை ஓயாது அளிக்கின்றது. அதனின்று பெறும் 3.3 வோல்ட்டால், பி.சி.ஐ. செருகுவாயிற் பொருத்திய வலையட்டை மட்டும் விழித்திருக்கும். தன் முகவரியைத் தாங்கிய செய்தி வந்தவுடன் பி.எம்.இ. என்னும் கம்பி வழியே தாய்ப்பலகைக்கு அது குறிப்புணர்த்தக் கணினி எழும். 1998-இல் வெளிவந்த பி.சி.ஐ. 2.2 விதிமுறைக்கு முன்னர், இதற்கெனவே மூன்று கம்பியுள்ள வடமொன்றை அட்டையினின்று பலகைக்கு இழுக்கவேண்டியிருந்தது. செய்தியின் அமைப்பை ஏ.எம்.டி. நிறுவனத்தார் 1995-இல் வெளியிட்டனர். ஒன்று என்னும் இருமமே நிரம்பிய 6 பைட்டுகள், பின்னர் அட்டையின் முகவரி 16 முறை; ஆக 102 பைட்டுகள். பதினாறு முறை பெயர்சொல்லி அழைத்தாலன்றி எழாத உறக்கம் எம் விடுதித் தோழர் சிலர்பாலும் உண்டு!

பத்துக் கன்னியர் உவமையிற் பதின்மரும் உறங்கினர். புத்தியுள்ள ஐவர் இரவெல்லாம் கண்விழித்தாரல்லர். எண்ணெய் வைத்திருந்தனர், அவ்வளவே. காத்திருப்பு மின்சாரம் அவ்வெண்ணெய் போல்வது.

இசைவு ஈரிடத்துத் தரவேண்டும்: பயாஸ் அமைப்பில் ஒன்று, இயங்குதளத்தில் வலையட்டைக்குரிய அமைப்பில் ஒன்று. இவ்விரண்டும் செய்தும் எழாத கணினிகள் உள. காரணம் பெரும்பாலும் இ.ஆர்.பி. என்னும் தெரிவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1275/2008 ஆம் ஒழுங்குமுறை, அணைந்த கருவியின் மின்செலவை 2010-இல் 1 வாட்டுக்கும் 2013-இல் அரை வாட்டுக்கும் உட்படுத்திற்று. அதன்பொருட்டு வைத்த அத்தெரிவு இயங்குமாயின், பல பலகைகளிற் செருகுவாய்க்குச் செல்லும் காத்திருப்பு மின்சாரமே அறுபடும். நோக்கம் நன்றே. ஆயினும் அரை வாட்டை மிச்சம் பிடிக்கப் புகுந்து, எழுப்பவியலாது போகுமே என்றஞ்சிக் கணினியை இரவெல்லாம் ஓடவிட்டுப் பல வாட்டுகளை இழப்பது என்ன கணக்கு?

அனுப்புவோர் இன்னார் என்னும் சான்று அச்செய்தியில் இல்லை. வலையினுள் இருப்போர் எவரும் எழுப்பலாமே என்பர் சிலர். மெய்யே. ஆனால் எழுப்புதல் வேறு, உட்புகுதல் வேறு. கடவுச்சொல் காவல் நிற்கின்றது. இரவு முழுதும் விழித்துக்கிடக்கும் கணினியோ அதனினும் காவலுடையதன்று. எழுப்பவேண்டும் தேவையே இல்லாக் கணினிகளுக்கு அவ்வழியை மூடிவைப்பதில் எமக்குத் தடையில்லை.