பீர் கெட்டது யாரால்?

இங்கிலாந்தில் ஒரு வீடு. சனிக்கிழமை மாலை. நண்பர்கள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் ஒரு புட்டியைத் திறக்கிறார். "நானே தயாரித்த பீர்!" என்று பெருமையோடு ஊற்றிக் கொடுக்கிறார்.

நண்பர்கள் ஒரு வாய் குடிக்கிறார்கள். முகம் கோணுகிறது!

"ஆப்பிள் காய் வாசனை அடிக்கிறதே!" என்கிறார் ஒருவர்.

"ஆஸ்பத்திரி மருந்து போல இருக்கிறது" என்கிறார் மற்றொருவர்.

மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகத் தம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்.

வீட்டுக்காரருக்கு வெட்கம். "நமக்குக் கைராசி இல்லை" என்று எண்ணி, பாத்திரத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பீர் தயாரிக்கும் பெட்டியைக் கடையில் வாங்கி, முதல் தடவை முயன்ற பலருக்கும் நேர்ந்த கதை.

குற்றவாளி யார்? வீட்டுக்காரரின் கையா? டப்பாவில் இருந்த சரக்கா?

பெரும்பாலும் இரண்டும் அல்ல. குற்றவாளி, அவசரம்! அந்த அவசரத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தது, பெட்டிக்குள் இருந்த சிறு காகிதம்.

சட்டம் திறந்த கதவு

குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது வேறு பேச்சு. தமிழ்நாட்டில் லைசென்சு இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆனால் சில நாடுகளில் அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இங்கிலாந்தில் 1880-ம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் பீர் காய்ச்சவும் லைசென்சு வேண்டும். 1963-ல் நிதி மந்திரி ரெஜினால்டு மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், 1979-ல் அமுலுக்கு வந்தது. வீட்டு உபயோகத்துக்கு, ஓர் அளவுக்கு உட்பட்டு, வரி இல்லாமல் தயாரிக்கலாம். விற்கக் கூடாது.

கதவு திறந்ததும் கடைகளில் பெட்டிகள் பெருகின.

பெட்டியில் என்ன இருக்கும்? ஒரு டப்பா. அதில் சுமார் ஒன்றரை கிலோ பாகு. முளைவிட்ட பார்லியின் சாற்றைச் சுண்டவைத்து, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பைச் சேர்த்த பாகு அது. கூடவே ஈஸ்ட் பொட்டலம் ஒன்று. அதன் எடை 5 கிராம் அல்லது 7 கிராம்.

பாகைச் சுடுநீரில் கரைக்க வேண்டும். ஒரு கிலோ சர்க்கரை சேர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றி 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்டைத் தூவி மூடவேண்டும். அவ்வளவுதான்!

அவ்வளவுதானா? அங்கேதான் வம்பு.

ஈஸ்ட் ஓர் உயிர்

ஈஸ்ட் உப்பு அல்ல, புளி அல்ல. அது உயிர். சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தையும் வாயுவையும் வெளியிடும் நுண்ணுயிர்.

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், 1876-ல் பீரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பீர் கெட்டுப் போவதற்குக் காரணம், வேண்டாத நுண்ணுயிர்கள் உள்ளே புகுவதுதான் என்று காட்டினார்.

உயிர் என்றால் அதற்குப் பருவம் வேண்டும், பொழுது வேண்டும், சுத்தம் வேண்டும். இது நம் வீட்டுத் தாய்மாருக்குப் புதிதல்ல. இட்லி மாவு கோடையில் சீக்கிரம் பொங்குகிறது. மார்கழியில் அசையாமல் கிடக்கிறது. அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர் வேறு. விதி ஒன்றுதான்.

நாக்கு சொல்லும் சாட்சி

கெட்ட ருசி ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. என்ன தப்பு நடந்தது என்று அது சொல்லிவிடும்.

ஆப்பிள் காய் வாசனையா? பீர் இன்னும் பக்குவப்படவில்லை என்று பொருள். சர்க்கரை சாராயமாக மாறும் வழியில் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் உண்டாகிறது. சில நாள் பொறுத்தால் ஈஸ்டே அதை மாற்றிவிடும். பொறுக்காதவருக்குக் காய் வாசனைதான் மிச்சம்!

வெண்ணெய் வாசனையா? அதற்குக் காரணமான பொருளின் பெயர் டையசிட்டில். பெரும்பாலும் அதையும் ஈஸ்டே தின்று தீர்க்கும். அதற்கும் அவகாசம் வேண்டும்.

குடித்ததும் தொண்டை காந்துகிறதா? வார்னிஷ் நெடி அடிக்கிறதா? பாத்திரம் சூடான இடத்தில் இருந்திருக்கும். இங்கிலாந்தின் 'ஏல்' வகைப் பீருக்குப் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி வரை போதும். புளிக்கும்போது பீரே சூட்டை உண்டாக்கும். ஆகவே அறையை விடப் பாத்திரத்தின் உள்ளே சூடு அதிகமாக இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசனையா? குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினைச் சந்தேகிக்கலாம். பாத்திரம் கழுவிய பிளீச்சிங் மருந்து மிஞ்சியிருந்தாலும் இந்தக் கதிதான். குளோரின், பார்லிச் சாற்றில் உள்ள ஃபீனால் பொருள்களோடு சேர்ந்தால் இந்த நாற்றம் பிறக்கும். துளி அளவே போதும். காம்ப்டன் மாத்திரை என்று ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 23 லிட்டர் தண்ணீருக்கு அரை மாத்திரை போட்டால் குளோரின் போய்விடும்.

நனைந்த அட்டைப் பெட்டி போல ருசிக்கிறதா? புளித்து முடிந்த பீரைத் தளும்பத் தளும்ப ஊற்றியதால் காற்று கலந்துவிட்டது.

காடிப் புளிப்பா? பாத்திரத்தில் அழுக்கு, வேண்டாத கிருமி புகுந்துவிட்டது.

இத்தனை சாட்சிகளில், "டப்பாதான் குற்றவாளி" என்று சொல்பவர் உண்டா? உண்டு. டப்பா நெடுநாள் கடையில் கிடந்தால் பாகு கருத்துப் பழைய வாசனை பிடிக்கும். ஒரு கிலோ சர்க்கரைக்கும் பங்கு உண்டு. அது முழுவதும் சாராயமாகிவிடும். பீரில் கனம் இராது. ஆனால் மற்றக் குற்றங்களுக்கு முன்னால் இவை சிறியவை.

காகிதம் மறைப்பது

வாங்கியவருக்கு இவை எல்லாம் எப்படித் தெரியும்? காகிதம் சொல்ல வேண்டும். பல பெட்டிகளின் காகிதம் என்ன சொல்கிறது? ஒரு வாரத்துக்குள் புட்டியில் அடைக்கலாம் என்கிறது. 25 டிகிரிக்கு மேல் போனாலும் பரவாயில்லை என்கிறது. குளோரினைப் பற்றிப் பேச்சே இல்லை!

இது ருசியோடு நிற்கும் விஷயம் அல்ல. புளித்து முடியாத பீரைப் புட்டியில் அடைத்தால், உள்ளே வாயு பெருகும். கண்ணாடிப் புட்டி வெடிக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இது விளையாட்டா?

நாளை எண்ணிப் புட்டியில் அடைப்பது தப்பு. ஹைட்ரோமீட்டர் என்ற சிறு கண்ணாடிக் கருவி இருக்கிறது. பாத்திரத்தில் இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று அதை மிதக்கவிட்டு அறியலாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் புளிப்பு முடிந்தது என்று நம்பலாம்.

இதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டாமா?

"இவ்வளவு எழுதினால் வாங்க வருபவர் பயந்து ஓடிவிடுவார்" என்று வியாபாரிகள் சொல்லக்கூடும். அது வியாபாரத்துக்கும் நல்ல கணக்கு அல்ல. முதல் பானையைச் சாக்கடையில் கொட்டியவர், இரண்டாவது டப்பா வாங்க வருவாரா?

சில தயாரிப்பாளர்கள் திருந்தி வருகிறார்கள். சர்க்கரையே வேண்டாதபடி இரண்டு டப்பா பாகு வைத்து விற்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இன்னொரு டப்பாவுக்குக் காசு செலவாகும். உண்மையைச் சொல்ல நாலு வரி அச்சுக்கூலி போதும்.

சுத்தமாகக் கழுவு. குளிர்ந்த மூலையில் வை. கருவியால் அளந்து பார். இரண்டு வாரமாவது பொறு. இந்த நாலு வரிகளும் டப்பாவின் மேலேயே இருக்க வேண்டும்.

"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்பது நம் ஊர்ப் பழமொழி. பொறுக்காதவன் மேல் குற்றம் உண்டு. பொறுக்க வேண்டாம் என்று சொல்லி விற்றவன் மேல் அதைவிடப் பெரிய குற்றம் உண்டு.

பரணில் பாத்திரத்தைப் போட்டுவிட்ட அந்த மனிதருக்குக் கைராசியில் குறை இல்லை. அவருக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்!