உப்புநீர்த் தொட்டியும் பாசித் திரையும்

கடல் மீன்களை வீட்டிலே வளர்க்க விழையும் மாணவர் சிலர், நன்னீர் மீன்தொட்டியிற் பெற்ற பழக்கத்தை மட்டும் துணையாகக் கொண்டு இம்முயற்சியில் இறங்குகின்றனர். முதல் இரண்டு மாதம் யாவும் நன்றாகவே நடக்கும். அதன்பின் கற்களின்மேல் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படரும். மீன்கள் சோர்ந்து இரையெடுக்க மறுக்கும். "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, ஐயா?" என்று கேட்பார்கள். தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. இவ்வேறுபாட்டையும், அதனையொட்டி வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய ஓர் எளிய சாதனத்தையும் இக்கிழமை ஆராய்வோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. சுண்ணக்கல்லின் வழியே கீழிறங்கும் மழைநீர், தோட்டங்களில் இட்ட உரத்தின் நைத்திரேற்றையும் மலக்குழிகளின் கசிவையும் உடன்கொண்டு நிலத்தடி நீரைச் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அவ்வெல்லையைத் தாண்டிய கிணறுகள் பல குடாநாட்டில் ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளன. அக்கிணற்று நீரை வாளியில் மொண்டு பார்த்தாற் கலங்கலில்லை, மணமும் இல்லை. கண் காணாததை இரசாயனச் சோதனையே காட்டுகிறது.

இட்ட இரை எங்கே போகிறது?

மீனுக்கு நாம் இடும் இரையிற் புரதம் உண்டு. புரதத்தின் நிறையில் ஏறக்குறைய 16 வீதம் நைதரசன். மீன் ஒரு பகுதியைத் தன் உடலாக்கிக் கொள்கிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அமோனியாவாக வெளிவிடுகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. மணலிலும் கல்லிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. சாதாரண வடிகட்டியின் வேலை பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. பொருளின் பெயர் மாறியதேயன்றி, அது தொட்டியை விட்டு வெளியேறவில்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் புரதத்திலுள்ள 0.16 கிராம் நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாக மாறினால், ஏறக்குறைய 0.7 கிராம் நைத்திரேற்று உண்டாகும். 100 லீற்றர் கொள்ளும் தொட்டியில் அது லீற்றருக்கு 7 மில்லிகிராம். கிழமைக்கு ஒரு கிராம் புரதம் இட்டு, எதனையும் வெளியேற்றாது விட்டால், ஏழு கிழமையில் நாம் மேலே கூறிய 50 மில்லிகிராமை நெருங்கிவிடுவோம். மீன் தன் உடலிற் சேர்த்துக்கொள்ளும் பங்கைக் கழியாததால் இது மேலெல்லைக் கணக்கே. எனினும் போக்கு எத்திசையில் என்பதை அது காட்டுகிறது. இரையிலுள்ள பொசுபேற்றும் இவ்வாறே சேருகிறது. பவளம் வாழும் தொட்டிகளுக்கோ இதிற் சிறு பங்கே மிகையாகும்.

அடிக்கடி நீரை மாற்றுவது ஒரு வழி. கடற்கரைக்குத் தொலைவில் வாழ்வோர்க்கு உப்புநீர் ஆக்குவது செலவும் உழைப்பும் மிக்க காரியம். மற்றொரு வழி, தொட்டியிற் படர்ந்து நமக்குத் தொல்லை தரும் அந்தப் பாசியையே வேலைக்கு அமர்த்துவது.

பவளப்பாறை கற்பித்த பாடம்

அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்னும் அறிஞர், கரிபியக் கடலின் பவளப்பாறைகளையும் அங்கு வளரும் பாசிகளையும் நெடுங்காலம் ஆராய்ந்தவர். பாறையின்மேற் குட்டைப் புல்லைப்போற் படர்ந்திருக்கும் பாசி, சில மில்லிமீற்றர் உயரமே உடையதாயினும் மிக விரைந்து வளர்வதை அவர் கண்டார். கிளிமீன் முதலியன இடைவிடாது மேய்வதனாற் பாசி முதிராமல் எப்போதும் இளந்தளிராகவே இருக்கிறது. அலை மோதுவதனால் அதற்கு வேண்டிய சத்துகள் ஓயாது வந்து சேர்கின்றன. ஒளி, அலை, மேய்ச்சல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே அவ்வளர்ச்சியின் இரகசியம்.

இதனையே ஏடி ஒரு சாதனமாக்கினார். ஆழமற்ற தட்டொன்றில் வலையை விரித்து, மேலிருந்து விளக்கொளி பாய்ச்சி, அலையைப்போல் நீரை இடைவிட்டிடைவிட்டுக் கவிழ்த்தார். வலையிற் பாசி தழைத்தது. அதனை அவ்வப்போது சுரண்டி எடுத்தார். 1982 ஆம் ஆண்டில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவுஸ்திரேலியாவின் தவுன்ஸ்வில் நகரில் 1987 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரும் பவளப்பாறைக் காட்சித்தொட்டியும் இம்முறையைக் கொண்டே நீரைப் பேணத் தொடங்கியது. ஆங்கிலத்தில் 'அல்கே ஸ்கிரபர்' எனப்படும் இதனை நாம் பாசித் திரை என்று வழங்குவோம்.

திரை அமைக்கும் முறை

கவிழும் தட்டுக்குப் பதிலாகத் தொங்கும் திரையில் நீரை வழியவிடுவதே வீட்டுக்கு ஏற்ற எளிய வடிவம். வேண்டிய பொருள்கள் சிலவே: முக்கால் அங்குலப் பி.வி.சி. குழாய், நீரில் அமிழ்த்தும் சிறு மின்பம்பி, இரண்டு விளக்குகள், நூல்வேலைக்கு வாங்கும் சதுரக் கண்களையுடைய பிளாஸ்டிக் வலைத்தட்டு.

திரையின் அளவைத் தொட்டியின் பருமனைக் கொண்டன்றி, இடும் இரையைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். நாளொன்றுக்கு உறைந்த இரைக் கட்டி ஒன்று இடுவோர்க்கு, இருபுறமும் ஒளிபடும் 12 சதுர அங்குலத் திரை போதும் என்பது இன்று மீன் வளர்ப்போரிடையே வழங்கும் கணக்கு. நான்கு அங்குல அகலமும் மூன்று அங்குல உயரமும் கொண்ட துண்டு அதற்குப் பொருந்தும்.

வலைத்தட்டு வழுவழுப்பாக இருந்தாற் பாசி வேர்கொள்ளாது. ஆகவே அரியும் வாளின் பற்களால் இருபுறமும் ஆழமாகக் கீறி, தொட்டாற் கள்ளிச்செடிபோல் உறுத்தும்வரை சொரசொரப்பாக்குக. குழாயின் ஒரு முனையை மூடி, அடிப்பக்கத்தில் நான்கு அங்குல நீளத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் அகலமான பிளவொன்றை வெட்டுக. வலைத்தட்டின் மேல்விளிம்பைப் பிளவினுட் செருகி, பிளாஸ்டிக் கட்டுநாடாவாற் பிணைத்துவிடுக. செம்பு, பித்தளை ஆகியன எவ்விடத்தும் நீரிற் படலாகாது. அவை இறால், பவளம் முதலியவற்றுக்கு நஞ்சாகும்.

திரையின் ஒவ்வோர் அங்குல அகலத்துக்கும் மணிக்கு ஏறக்குறைய 130 லீற்றர் நீர் வழிதல் வேண்டும். நான்கு அங்குலத் திரைக்கு மணிக்கு 520 லீற்றர் என்றாகிறது. பம்பியின் பெட்டியில் அச்சிட்ட அளவு, நீரை உயர்த்தாத நிலைக்குரியது. உயரம் கூடக்கூட நீர் குறையுமாதலால் சற்றுப் பெரிய பம்பியே தக்கது. நீர் ஒழுகுகோடுகளாக அன்றி, ஒரே படலமாகத் திரையை மூடி இறங்கவேண்டும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆறு உவாற்றுப் புளோரொளிர் விளக்கு ஒன்று, அல்லது ஏறக்குறைய அதிற் பாதி வலுவுள்ள எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும். செவ்வொளி மிகுந்த விளக்குப் பாசிக்கு உவப்பானது. நாளொன்றுக்குப் பதினெட்டு மணிநேரம் வரை எரியலாம். எஞ்சிய நேரம் பாசிக்கு ஓய்வு. தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் இரவு வேளையில் இவ்விளக்கு எரிவது நன்று. ஒளித்தொகுப்பினாற் காபனீரொட்சைட்டு குறைந்து ஒட்சிசன் கூடுவதால், இரவிலும் மீனுக்கு மூச்சுமுட்டாது.

பெற்றோர் கவனத்துக்கு ஒரு சொல். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். விளக்குகளுக்கும் திரைக்கும் இடையே தெறிநீரைத் தடுக்கும் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ இருத்தல் வேண்டும். மின்கம்பி, செருகியை அடையுமுன் அதனிலும் தாழத் தொய்ந்து பின்னர் மேலேறுக. வழியும் துளி அத்தாழ்விடத்திலேயே சொட்டிவிடும். றிப் சுவிச்சு இல்லாத மின்னிணைப்பில் இதனைப் பூட்டவே கூடாது.

பொறுமையும் அறுவடையும்

முதற் கிழமையிற் பழுப்பு நிற வழுக்கற் படலம் ஒன்றே தோன்றும். பலர் இந்நிலையில் மனந்தளர்ந்து சாதனத்தைக் கழற்றிவிடுகின்றனர். அப்படலத்தை விரலாற் துடைத்துவிட்டுத் தொடர்ந்து நடத்தினால், மூன்று நான்கு கிழமைக்குள் பச்சை மயிர்போன்ற பாசி பிடித்துக்கொள்ளும். கருமையான வழுக்கல் நீங்காதிருந்தால், நீரில் உள்ள சத்துக்கு ஒளி போதவில்லை என்க. வெளிறிய மஞ்சளாகத் தடித்தால், சத்துக்கு மிஞ்சிய ஒளி என்று கொண்டு நேரத்தைக் குறைக்குக.

இனி, இச்சாதனத்தின் உயிர்நிலைக்கு வருவோம். பாசி வளர்வதனால் மட்டும் நீர் தூயதாகிவிடாது. நீரிலிருந்த நைத்திரேற்றும் பொசுபேற்றும் பாசியின் உடலாகித் திரையிற் தொங்குகின்றன, அவ்வளவே. அறுக்காது விட்டால், மேற்படை அடிப்படைக்கு ஒளியை மறைக்கும்; அடியிலுள்ள பாசி மடிந்து, வேர்விட்டுக் கழன்று, தான் உண்டதனைத்தையும் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். கடலிற் கிளிமீன் செய்யும் தொழிலை வீட்டில் நம் கை செய்தாக வேண்டும்.

கிழமைக்கு ஒருமுறை பம்பியை நிறுத்தித் திரையைக் கழற்றி, குழாய்நீரின் கீழே பிடித்து விரலாற் சுரண்டுக. நன்னீர் படுவதனால், பாசியைத் தின்னும் நுண்ணிய கடற்பூச்சிகள் மடியும். மொட்டையாகத் தேய்த்துவிடாமல், அடியில் மெல்லிய பசும்படலம் எஞ்சும்படி விடுக. மறுகிழமைப் பயிருக்கு அதுவே வித்து. பிளவில் அடைத்துள்ள பாசியையும் நீக்குக. மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டாற் திரை உலர்ந்துவிடுமாதலால், அதனைக் கழற்றித் தொட்டி நீரிலேயே அமிழ்த்தி வைத்தல் நலம்.

திரையில் வழியும் நீர் விரைந்து ஆவியாகும். ஆவியாவது நீரேயன்றி உப்பன்று. ஆகையாற் குறைந்த அளவை உப்பில்லாத நல்ல நீராலேயே நிரப்புக. உப்புநீரால் நிரப்புவோர் நாளடைவிற் தொட்டியைக் காய்ச்சிய பாகாக்கிவிடுவர். சுரண்டும்போது நைந்த பாசியால் நீர் சிறிது மஞ்சளித்தால், மீன்தொட்டிக்கென விற்கும் கரி அதனைப் போக்கும். இத்திரை இருக்கிறதென்று மீன்களைப் பெருக்குவதும், இரையை அள்ளிக் கொட்டுவதும் தகாது. கடலிலிருந்து பிடித்துவந்த உயிருக்கு அக்கண்ணாடிப் பெட்டியே உலகம். அங்கு சேரும் கழிவை விட்டு விலகிச் செல்ல அதற்கு வேறிடம் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கிறேன். ஒவ்வொரு கிழமையும் அறுத்தெடுத்த பாசியைத் துணியிற் பிழிந்து நிறுத்து, அக்கிழமையில் இட்ட இரையின் நிறையையும், சோதனைப் பெட்டி காட்டும் நைத்திரேற்றின் அளவையும் ஒரு கொப்பியிற் பக்கம் பக்கமாகக் குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து வரைபுத்தாளில் வரைந்து பாருங்கள். உட்சென்றது எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு என்பதை உங்கள் கைக்கணக்கே சொல்லும். நிறுத்த பாசியை உப்புப்போக நன்னீரில் அலசி, கூட்டெருக் குழியிற் சேருங்கள். மீனுக்கு இட்டது மறைந்து போகவில்லை, முற்றத்துக் கத்தரிச்செடிக்குப் போயிற்று என்பதை அப்போது வீட்டார் அனைவரும் காண்பர்.