பைண்டு செய்த தொடர்கதைகள்

1950ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'கல்கி' வாரப் பத்திரிகையில் தொடங்கி, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக் காலம் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் இன்று ஒரே மூச்சில் படித்து முடிப்பவர்களில் சிலர், ஆசிரியர் கல்கி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறார் என்று குறைப்பட்டுக்கொள்வதைப் பல சந்தர்ப்பங்களில் கேட்டிருக்கிறேன். அந்தக் குறையை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஒரு வாரம் இதழ் கிட்டாமற்போனவரும், அண்டை அயலார் படித்து முடிக்கும்வரை காத்திருந்து இரவல் வாங்கியவரும் கதையின் இழையைத் தவறவிடாதபடி, கதாநாயகன் வந்தியத்தேவன் வழிநடையில் நடந்தவற்றை மனத்தில் அசைபோடுவதாக அமைத்த உத்தி, வாசகரிடத்தில் ஆசிரியர் காட்டிய மரியாதையேயாகும். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வரத் தொடங்கிய நாள்முதலே தமிழ் நாவல் பத்திரிகையை அண்டி வளர்ந்ததாதலால், அந்தச் சூழ்நிலையை மறந்து அதன் கலையை மதிப்பிடுவது நியாயமன்று.

பழைய வீட்டுப் பரண்களில் இன்னமும் அகப்படும் பைண்டு வால்யூம்களைப் புரட்டினால் இது தெளிவாகும். வாரந்தோறும் இதழிலிருந்து பிரித்தெடுத்த தாள்களை அடுக்கி, நூல் கோத்துத் தைத்து, பசை தடவிக் காலிகோ ஒட்டியிருப்பார்கள். ஓரம் வெட்டுகையில் சில வரிகளின் கடைசி எழுத்துக்கள் போயிருக்கும். அத்தியாயம் முடிந்த இடத்துக்குக் கீழே கூந்தல் தைல விளம்பரம் ஒன்று இருக்கும். தாளைத் திருப்பினாலோ வேறொருவருடைய சிறுகதையின் கடைசிப் பத்தி தலையில்லாமல் நிற்கும். அவற்றினிடையே, குந்தவைக்கு ஒரு கொண்டை, நந்தினிக்கு வேறொரு கொண்டை என்று பாத்திர பேதத்தைத் தலையலங்காரத்திலேயே காட்டிய மணியத்தின் சித்திரங்கள்! தமிழ் மக்கள் அந்த இரு பெண்களையும் முதன்முதலில் கண்டது அவருடைய கோடுகளில்தான்.

கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையானபின் மலிவுப் பதிப்புகள் ஏராளமாக வந்து, எளியவர் கைக்கும் நூல் எட்டியது பெரும் பாக்கியம். ஆயினும் அவற்றில் பலவற்றில் படங்கள் இல்லை. எந்த வாரம் எங்கே நின்றது என்ற குறிப்பும் இல்லை. அத்தியாயத் தலைப்பின் அடியில் இதழின் தேதியை ஒரு சிறு வரியாக அச்சிடப் பிரமாதச் செலவு ஆகாது. ஆனால், எழுதப் பழகும் இளைஞர் ஒருவர், ஒரு வாரத்துக்குரிய சில பக்கங்களில் எதைச் சொல்லி எதை நிறுத்திவைத்தார் கல்கி என்பதைப் பிரத்தியட்சமாகக் காண அந்த ஒரு வரி உதவும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் சொந்த முயற்சியால் சேகரித்த நூல்களும் பத்திரிகைகளும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றிருக்கின்றன. ஒரு தனி மனிதர் தொடங்கிவைத்ததை அரசாங்கம் தொடர முடியாதா? வீட்டைக் காலி செய்கிறவர்கள் இந்த வால்யூம்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன்னால் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி, மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றும் ஓர் அலமாரியை ஒதுக்கி, அதைப் பத்திரிகைகளில் அறிவிக்கட்டும்.