தனிக்குடித்தனம் போகாத மரங்கொத்திகள்

அமெரிக்காவின் தென்கிழக்குப் பைன் காடுகளில் ரெட் காக்கேடட் மரங்கொத்தி என்றொரு சிறு பறவை உண்டு. அதன் பெண் குஞ்சுகள் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே கூட்டத்தைப் பிரிந்துவிடும். ஆண்களில் பல தாய் தந்தையுடனேயே தங்கி, அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும். அடைகாக்கவும் துணை நிற்கும். பக்கத்தில் காடு காலியாகக் கிடந்தாலும் அங்கே போய்த் தனிக்குடித்தனம் தொடங்குவது அரிது.

காரணம் பொந்து. மற்ற மரங்கொத்திகள் பட்ட மரத்தைச் சில வாரங்களில் குடைந்துவிடும். இதுவோ உயிருள்ள பைன் மரத்தைத்தான் குடையும். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். உள்மரம் பூஞ்சையால் இளகிய முதிய மரமே இதற்கு வசதி. பொந்தைச் சுற்றிச் சிறு துளைகள் இட்டு, பிசினை ஓயாமல் வடியவிடும். அந்தப் பிசினைத் தாண்டிப் பாம்பு ஏறுவது கடினம். இத்தனை உழைப்பில் உருவான வீட்டை விட்டு எந்தப் பறவை எளிதில் கிளம்பும்?

பொந்துதான் காரணமா என்பதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி வால்டர்ஸ், கரோல் கோப்பியன் குழுவினர். வட கரோலைனாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில், பறவை இல்லாத 20 இடங்களில் துளைக்கருவி கொண்டு மரங்களில் பொந்து அமைத்தார்கள். அவற்றில் 18 இடங்களில் மரங்கொத்திகள் குடியேறின. பொந்து அமைக்காமல் விட்ட இடங்களில் ஒன்றுகூட வரவில்லை. 1992-இல் வெளியான இந்த முடிவு, காடு இருந்தால் போதும், பறவை தானே பெருகும் என்ற எண்ணத்தை உடைத்தது.

அதற்கு முன்பே, 1989-இல் ஹியூகோ புயல் தென் கரோலைனாவின் பிரான்சிஸ் மரியன் காட்டில் பொந்து மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்திருந்தது. எஞ்சிய பறவைகளுக்காக, நிற்கும் மரங்களில் பொந்துள்ள மரப்பெட்டிகளைப் பொருத்தினார்கள். பறவைகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. பெட்டி பொருத்தும் முறை பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது.

1970-களின் இறுதியில் சுமார் 1,470 ஆக இருந்த கூட்டங்கள் இன்று ஏறத்தாழ 7,800. இதைக் காட்டித்தான் 2024 அக்டோபரில் அமெரிக்க அரசு, 'அழியும் நிலை' என்ற பட்டியலிலிருந்து ஒரு படி கீழான 'அச்சுறுத்தலில் உள்ளது' என்ற பட்டியலுக்கு இந்தப் பறவையை மாற்றியது.

மீட்சி உண்மைதான்; ஆனால் அது மனிதக் கையை நம்பி நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வனத்துறையினர் திட்டமிட்டுத் தீ வைக்காவிட்டால் பைன் மரங்களுக்கு அடியில் ஓக் புதர் மண்டும், பறவை வெளியேறிவிடும். பெட்டிகளைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் ஆள் வேண்டும். புதிதாக நட்ட பைன் கன்று, பொந்து தாங்கும் வயதை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஆகவே கூட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாதுகாப்பைத் தளர்த்துவது அவசரம். முதிய மரங்களை வெட்டாமல் விடுவதற்கும், தீ வைக்கும் பணிக்கும், பெட்டிப் பராமரிப்புக்கும் நிரந்தர நிதியை அமெரிக்க அரசு முதலில் உறுதிசெய்ய வேண்டும்.