கொலைகாரனின் பேச்சைக் கேட்பதும் ஒரு பணியா?

குற்றவியல் படிக்க விரும்புவதாக ஒரு பெண்பிள்ளை வீட்டில் சொன்னால், தளவானூர் முதலாகச் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் எழக்கூடிய முதல் கேள்வி, "கொலைகாரர்களோடு உட்கார்ந்து பேசுவதும் ஒரு வேலையா?" என்பதாகவே இருக்கும். கேட்பவர்களை நாம் குறைகூறவில்லை. பிள்ளையின் பாதுகாப்பு குறித்த அச்சம் அதில் உண்டு. நாளை சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலையும் உண்டு. எனினும், அது வேலைதான், நமக்கு மிகவும் தேவைப்படும் வேலை என்பதே நம் கருத்து.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. குற்றவாளிகளைத் தூக்கிலிடக் கோரி எங்கும் குரல் எழுந்த அந்த வேளையில், டெல்லியில் வளர்ந்த மதுமிதா பாண்டே வேறொரு கேள்வியைக் கேட்டார்: இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள்? தமது 22ஆம் வயதில் திகார் சிறைக்குள் நுழைந்து, பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை பெற்ற 100 பேரிடம் சில ஆண்டுகளில் பேசி முடித்தார். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவர் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்வு அது. அரக்கர்களைக் காணப்போகிறோம் என்று எண்ணிச் சென்றவர், சாதாரண மனிதர்களையே கண்டதாகக் கூறினார். பெண்ணின் சம்மதம் என்றால் என்ன என்பதே பலருக்கு விளங்கியிருக்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் மீதே பழிபோட்டவர்கள் இருந்தனர். மனம் வருந்தியவர்களோ மிகச் சிலர். இது அவர்களுக்காகப் பரிந்து பேசுவதன்று. ஆண்பிள்ளைகளை வளர்க்கும் நம் வீடுகளுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறில்லை.

தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவனைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன வரலாற்றைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அவன் முதலில் ஒரு துறவியிடம் சென்று, தனக்கு மன்னிப்பு உண்டா எனக் கேட்டான். இல்லை என்றார் அவர். நூறாவதாக அவரையும் கொன்றான். அடுத்து அவன் கண்ட அறிஞரோ கதவை அடைக்கவில்லை. தவ்பாவுக்குத் தடையில்லை என்று கூறி, அவன் வாழ்ந்த ஊர் கெட்ட ஊர், அதை விட்டு நல்லோர் வாழும் ஊருக்குப் போ என்றார். ஜும்ஆ பயான்களில் இறைவனின் கருணைக்குச் சான்றாக இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த அறிஞர் குற்றத்தின் வேரை அவனுடைய சூழலிலும் தேடினார் என்பதை ஏனோ நாம் கவனிப்பதில்லை.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் சிறை சிறையாகச் சென்று கொலையாளிகளிடம் பேசினர். 36 பேரை அந்த ஆய்வு உள்ளடக்கியது. அந்தப் பேச்சுகளை முறையான ஆய்வாக்கியவர் ஆன் பர்ஜெஸ் என்ற மனநலச் செவிலியர். பெண்களுக்கு ஒவ்வாத துறை என்போர் இதையும் அறிந்துகொள்ளட்டும்.

ஆனால் ஓர் அச்சத்தை மறைக்க வேண்டியதில்லை. 'ப்ரொஃபைலிங்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது, பெயரையும் தாடியையும் கண்டு சந்தேகிப்பதுதான். அது இந்தக் கலையே அன்று, அதன் கேடு. யூசுஃப் (அலை) அவர்கள் மீது பழி சுமத்தப்பட்டபோது, அப்பெண்ணின் குடும்பத்தார் ஒருவரே சட்டை எப்பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். தடயம் பேசியது, ஆளின் தகுதி பேசவில்லை. ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு சூரா ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. 2010இல் செல்வி வழக்கில், ஒருவரின் விருப்பமின்றி அவருக்கு உண்மை கண்டறியும் சோதனைகள் நடத்தக் கூடாது என உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இந்த எல்லைகளை அறிந்த நம் பிள்ளைகள் அத்துறைக்குள் இருப்பது நல்லதா, வெளியே நின்று நாம் அஞ்சிக்கொண்டிருப்பது நல்லதா?

திரைப்படங்களில் வருவது போன்ற பதவி உடனே கிடைத்துவிடாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. உளவியல் படித்துவிட்டும் இப்பக்கம் வரலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய வழக்குகளில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடம் செல்ல வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்திருக்கிறது. ஆள்தேவை பெருகும். சிறைகளிலும் சிறார் இல்லங்களிலும் ஆற்றுப்படுத்தும் பணிக்கும் இப்படிப்பு உதவும். பொறியியலுக்கும் நர்சிங்குக்கும் கல்வி உதவி வழங்கும் ஜமாஅத்துகள், அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பப் படிவத்தில் குற்றவியலையும் உளவியலையும் சேர்த்துக்கொள்ளலாம்.