அப்பாவின் தேக்கா பஸ்

புக்கிட் மேரா வியூவில் அப்பா குடியிருக்கும் புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்கு ஐந்து நிமிட நடை. மீன், காய்கறி, தேங்காய்ப்பூ எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் அவர் தேக்காவுக்குத்தான் போவார். ஏன் என்று கேட்டால், "அங்கதாம்மா கறிவேப்பிலை வாடாம இருக்கும்" என்பார். ஒரு வெள்ளிக் கறிவேப்பிலைக்குப் போகவர ஒன்றரை மணி நேரம்!

ரயிலிலாவது போகலாம். ரெட்ஹில்லில் ஏறினால் இரண்டாவது நிலையம் ஓட்ரம் பார்க். அங்கே ஊதா நிறத் தடத்துக்கு மாறினால் நான்காவது நிலையம் லிட்டில் இந்தியா. 2003ல் வடகிழக்குத் தடம் திறந்ததிலிருந்து நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். "தரைக்குக் கீழ போனா என்னத்தப் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கே போய்விடுவார். அதுவும் மாடி பஸ் என்றால் மேல்தளத்தில் முன்னிருக்கைதான். வயது 76.

போன மாதம் இறங்கும்போது பஸ்ஸின் படியில் சறுக்கிவிட்டார். வண்டி நிற்பதற்குள் எழுந்தது தன் தவறுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. இடுப்பெலும்பாக இருந்திருந்தால் என்ற நினைப்பில் எனக்கு இரண்டு இரவு தூக்கமில்லை.

"இனிமே தேக்கா வேணாம்ப்பா. என்ன வேணுமோ சொல்லுங்க, நான் ஆர்டர் பண்றேன்" என்றேன். சொன்னபடியே செய்தேன். கறிவேப்பிலைகூடப் பொட்டலமாக வாசலுக்கு வந்தது. அப்பா மறுபேச்சு பேசவில்லை. அதுதான் உறுத்தியது.

சுளுக்கு சரியாகிவிட்டது. ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போனேன். பனியனோடு உட்கார்ந்திருந்தார். முகம் மழிக்கவில்லை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை. தேக்காவுக்குப் போகும் நாளில் ஏழு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, மூத்தோர் சலுகை அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்ப்பவர் அவர்.

இத்தனைக்கும் அவர் குடியிருக்கும் இடம் சாதாரணமானதல்ல. மூத்தோர் பாதுகாப்பாக நடப்பதற்கென்று சாலையையே மாற்றியமைத்த 'சில்வர் ஸோன்' நாட்டிலேயே முதலில் வந்தது புக்கிட் மேரா வியூவில்தான், 2014ல். வாகனங்கள் மெதுவாகப் போகவேண்டும். முதியவர் பாதிச் சாலையைக் கடந்து நின்று மூச்சுவிட நடுவில் இடம் உண்டு. தீவின் பல சந்திப்புகளில் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் சில விநாடிகள் கூடுதலாகக் காத்திருப்பான். வயதானவர்கள் வெளியே வரட்டும் என்று சாலையில் இவ்வளவு செய்திருக்கிறார்கள். உள்ளேயே இருங்கள் என்று சொன்னது நான்.

எனக்குப் பயணம் என்றால் நிமிடக் கணக்குதான். வார நாள்களில் காலை 7.45க்கு முன் நிலையத்துக்குள் அட்டையைத் தட்டினால் 50 காசு வரை கழிவு. அதற்காக 7.44க்கு நான் செங்காங் நிலையத்தில் ஓடுவதைப் பார்த்து என் மகள் சிரித்திருக்கிறாள். வீட்டிலிருந்து 20 நிமிடத்தில் வட்டார மையம், 45 நிமிடத்தில் வேலையிடம் என்பது 2040ஆம் ஆண்டுக்கான நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டத்தின் இலக்கு. நல்ல இலக்குதான். எனக்கு 45 நிமிடம் போதாது, 30 வேண்டும்!

ஆனால் கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வேலைக்குப் போகும் ஏறக்குறைய 1,300 பேரிடம் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: வேலைக்குப் போகும் பயணம் எத்தனை நிமிடம் இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும்? சுழியம் என்று எல்லாரும் சொல்லவேண்டும் இல்லையா? அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே. சராசரியாக வந்த பதில் 16 நிமிடம். 2001ல் வெளிவந்த ஆய்வு அது. முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

பிறகு 2020 நினைவுக்கு வந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி கிருமி முறியடிப்புத் திட்டம் தொடங்கி, வேலை சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. முதல் வாரம் கொண்டாட்டம்தான். மூன்றாவது வாரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் கீழே இறங்கி, புளோக்கை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மேலே வந்து கணினியைத் திறந்தேன். சாயங்காலம் மூடிவிட்டு மறுபடி இரண்டு சுற்று. அம்மாவாக இருப்பதற்கும் அதிகாரியாக இருப்பதற்கும் நடுவில் எனக்கு ஒரு வழி தேவைப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு அந்த வழி எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை அவரோடு நானும் போனேன். கீழ்த்தளத்தில்தான் உட்காரவேண்டும் என்ற நிபந்தனையோடு. முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். இரண்டாவது நிறுத்தத்தில் தள்ளுவண்டிப் பையோடு ஒரு சீனப் பாட்டி ஏறினார். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அடுத்த நொடியே கோபமாக, "லாமா தா ஜும்பா!" என்றார். எங்கே போனீர் இத்தனை நாள் என்று விசாரணை. அப்பா பாசார் மலாயில் கணுக்காலைக் காட்டிக் காட்டிக் கதை சொன்னார். என் வீட்டில் அவர் ஒரு வாரத்தில் பேசுவதை அந்தப் பதினைந்து நிமிடத்தில் பேசியிருப்பார். சைனாடவுனில் பாட்டி இறங்கும்போது என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "உனக்கு எதுக்கு அது" என்றார்.

தேக்காவில் மீன்காரரிடம் பத்து நிமிடம், பூக்கடையில் ஐந்து நிமிடம், தேநீருக்கு அரை மணி நேரம். திரும்பி வந்து புளோக்கின் கீழ் நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அப்பா, கறிவேப்பிலை?"

பையைத் திறந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஈரச்சந்தைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.